சாராவின் குரல், மேபெல்லின் கட்டைவிரல்

கன்ட்ரி மியூசிக் என்றதும் நம்மில் பலருக்கும் கௌபாய் தொப்பி, நீளமான பூட்ஸ், ஜிகினா வைத்த கோட்டு, கையில் கிடாருடன் ஓர் ஆண் என்றுதான் மனதில் படம் ஓடும். அந்த இசைக்கு அஸ்திவாரம் போட்டவர்களின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கோட்டு, டை அணிந்த ஒல்லியான, உயரமான மனிதர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டதுபோல் உடுத்திய இரண்டு பெண்கள். ஒருவர் மடியில் ஆட்டோஹார்ப், இன்னொருவர் கையில் அவரையே மறைக்கும் அளவுக்குப் பெரிய கிடார். பட்டுமில்லை, பகட்டுமில்லை.

கார்ட்டர் குடும்பம். கணவர் ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். குழுவில் இவ்வளவு பேர்தான்.

இவர்களிடம் நான் போய்ச் சேர்ந்தது கொல்லைப்புற வழியாக. முதலில் பிடித்தது ஜானி கேஷின் குரல். அவர் மனைவி ஜூன் கார்ட்டரைப் பற்றிப் படித்தபோது, ஜூனின் அம்மா மேபெல் என்று தெரிந்தது. மேபெல்லின் பழைய பதிவுகளைத் தேடிப் போனால், அங்கே சாரா பாடிக்கொண்டிருந்தார். ஊசி தேய்க்கும் இரைச்சலுக்கு நடுவே கனத்த, நிதானமான பெண் குரல். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் குரல். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தின் கதையை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

மலைக்கு இருபுறமும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் கிளிஞ்ச் மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. பெயரே ‘புவர் வேலி’. ஏழைப் பள்ளத்தாக்கு! 1891-ல் அங்கே பிறந்தவர் ஏ.பி. கார்ட்டர். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கை நடுக்கம் உண்டு. வயிற்றில் பிள்ளையுடன் இருந்தபோது அம்மாவுக்குப் பக்கத்தில் இடி விழுந்ததால் வந்தது என்று வீட்டில் சொல்வார்களாம்.

ஏ.பி. பழ மரக் கன்றுகள் விற்பவர். ஊர் ஊராக நடப்பார். அப்படி மலையைத் தாண்டி காப்பர் க்ரீக் பக்கம் போனபோது, ஒரு வீட்டிலிருந்து ஆட்டோஹார்ப் வாசித்துக்கொண்டு ஒரு பெண் பாடுவது கேட்டது. அவர்தான் சாரா. ஆட்டோஹார்ப் என்பது நிறைய தந்திகள் கொண்ட வாத்தியம். ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு தந்திகளை வருடினால், அந்தச் சுருதிக்குப் பொருந்தும் தந்திகள் மட்டும் சேர்ந்து ஒலிக்கும். 1915-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. சாரா மலைக்கு இந்தப் பக்கம் வாழ வந்தார்.

பதினோரு வருடங்கள் கழித்து ஏ.பி.யின் தம்பி எஸ்ரா, மேபெல்லைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆக, சாராவும் மேபெல்லும் அக்கா தங்கை முறை, அதோடு ஓரகத்திகளும் ஆனார்கள். சாயங்கால வேலை முடிந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து வாசிப்பார்கள். மேபெல்லுக்கு அப்போது பதினேழு வயதுதான்.

அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் கையில்தான் ஒரு புதுமை இருந்தது. அந்தக் காலத்தில் கிடார் என்பது பெரும்பாலும் தாளத்துக்கு. மெட்டை வயலினோ பாஞ்சோவோ பார்த்துக்கொள்ளும். மேபெல் கட்டைவிரலால் கீழ்ஸ்தாயி தந்திகளில் மெட்டை வாசித்தார். மற்ற விரலால் மேல்ஸ்தாயி தந்திகளைத் தட்டித் தாளத்தையும் சேர்த்துக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். இதற்கு இன்று ‘கார்ட்டர் ஸ்க்ராட்ச்’ என்று பெயர். கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உலகம் முழுக்க இதைப் பயிற்சி செய்கிறார்கள்.

தொப்பிக் கம்பெனி மாடியில்

1927 ஜூலை கடைசியில், விக்டர் கிராமபோன் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் நகரத்தில் வந்து இறங்கினார். இந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. மெயின் ரோட்டின் ஒரு பக்கம் வர்ஜீனியா மாநிலம், மறுபக்கம் டென்னசி. டென்னசி பக்கத்தில் தொப்பிக் கம்பெனி ஒன்றின் கட்டட மாடியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, மலைநாட்டுப் பாடகர்களை வரச் சொன்னார். ஒரு பாட்டுக்கு 50 டாலர். மலையில் மக்காச்சோளம் விதைத்துப் பிழைப்பவர்களுக்கு அது பெரிய காசு.

ஏ.பி.க்கு உடனே ஆசை வந்தது. கார் தம்பி எஸ்ராவுடையது. அவருக்குக் காரைக் கொடுக்கவும் மனசில்லை, மாசமாக இருக்கும் மனைவியை அனுப்பவும் மனசில்லை. ‘உன் சோளக் காட்டுக்குக் களை எடுத்துத் தருகிறேன்’ என்று சொல்லி ஏ.பி. சம்மதம் வாங்கினார் என்பது குடும்பத்தில் சொல்லும் கதை.

அந்தப் பயணத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சுமார் 40 கிலோமீட்டர். ஆகஸ்ட் வெயில். மண் ரோடு. மேபெல்லுக்குப் பிரசவத்துக்கு ஆறு வாரம்தான் பாக்கி. சாராவின் மடியில் ஐந்து மாதக் கைக்குழந்தை ஜோ. கூடவே எட்டு வயது மூத்த மகள் கிளாடிஸ். அவளை ஏன் கூட்டிப் போனார்கள் தெரியுமா? அம்மா பாடும்போது தம்பியைப் பார்த்துக்கொள்ள.

கன்ட்ரி இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பிரிஸ்டல் பதிவுகளைப் பெரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அடுத்த சில நாட்களில் அதே இடத்தில் ஜிம்மி ராட்ஜர்ஸும் பாடினார். இரண்டு பெரிய நட்சத்திரங்கள் ஒரே வாரத்தில் கிடைத்தார்கள். எனக்கு அந்த வரலாற்றில் முதலில் கண்ணுக்குத் தெரிவது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த எட்டு வயதுப் பெண்தான்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி நான்கு பாட்டு, மறுநாள் இரண்டு. மறுநாள் பதிவான இரண்டில் ஒன்று, கல்யாணமாகாத பெண்ணையும் கல்யாணமான பெண்ணையும் ஒப்பிடும் பழைய நாட்டுப் பாட்டு. முதலாமவள் நினைத்ததை உடுத்துவாள், நினைத்த இடத்துக்குப் போவாள். இரண்டாமவளுக்குத் தொட்டிலும் பிள்ளையும்தான் உலகம். அதில் ஏ.பி.யின் குரல் இல்லை. சாரா மட்டும் பாடினார். அவருக்கு அந்தப் பாட்டைப் பாடவே பிடிக்கவில்லையாம். ஏன் பிடிக்கவில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு வந்து மைக் முன்னால் நின்றவர் அவர்.

மக்களுக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்துப்போனது.

பாட்டு தேடிப் போனவர்

பாட்டுகள் விற்க ஆரம்பித்ததும் ரால்ஃப் பீர் மேலும் மேலும் பாட்டு கேட்டார். அவருடைய வியாபாரம் அப்படி. இசைத்தட்டு விற்பனையைவிட, பாட்டின் உரிமையைப் பதிவு செய்து, அதிலிருந்து வரும் ராயல்டியில்தான் அவருக்கு வருமானம். அதனால் ஏற்கெனவே யாரும் உரிமை பதிவு செய்யாத பாட்டாக இருக்க வேண்டும்.

ஏ.பி. பாட்டு தேடிக் கிளம்பினார். கன்று விற்ற கால்களுக்கு நடை புதிதல்ல. சுரங்கத் தொழிலாளி வீடு, சர்ச், தோட்டம், திண்ணை என்று எங்கே யாருக்குப் பழைய பாட்டு தெரியும் என்று கேள்விப்பட்டாலும் போய் நிற்பார். வரிகளை எழுதிக்கொள்வார். வீட்டுக்கு வந்து சில வரிகளை மாற்றி, சிலதைச் சேர்த்து, பாடுகிற வடிவத்துக்குக் கொண்டுவருவார். இது சாதாரண உழைப்பு இல்லை. அவர் மட்டும் அலையாமல் இருந்திருந்தால் அந்த மலைகளின் எத்தனையோ பாட்டுகள் பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். வரிகளை எழுதிவிடலாம், மெட்டு ஏ.பி.க்கு நினைவில் நிற்காது. டேப் ரெக்கார்டர் இல்லாத காலம். அப்போது டென்னசியின் கிங்ஸ்போர்ட் ஊரில் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின இளைஞரைச் சந்தித்தார். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தவர். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மீதி விரல்களை வைத்தே அற்புதமாகக் கிடார் வாசித்தார். ஒரு தடவை கேட்டால் மெட்டு அவருக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேஜையில் சாப்பிட முடியாத நாட்கள் அவை. அந்த நாட்களில் இவர்கள் இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். ஏ.பி. வரிகளை எழுதினார், ரிடில் மெட்டைச் சுமந்து வந்தார். கார்ட்டர் வீட்டில் வாரக்கணக்கில் தங்கினார். அவர் விரல்களைப் பார்த்து மேபெல் புதிதாகக் கற்றுக்கொண்டார். தனக்குத் தெரிந்த பாட்டுகளையும் ரிடில் கொடுத்தார். ‘தி கேனன் பால்’ அவற்றில் ஒன்று.

இசைத்தட்டில் ‘ஏ.பி. கார்ட்டர்’ என்று போட்டார்கள். ரிடிலின் பெயர் எதிலும் இல்லை. சாரா, மேபெல் பெயரும் பெரும்பாலான பாட்டுகளில் ஆக்கியவர் என்ற இடத்தில் இல்லை. பிற்பாடு ரிடில் கிடாரை விற்றுவிட்டு இசையையே விட்டுவிட்டார். 1965-ல் மைக் சீகர் என்ற பாடகர் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பாட வைத்தார். அவர் இருக்கிறார் என்று வழிகாட்டியது மேபெல்தான். அந்த ஒன்றுக்காகவே மேபெல் மீது எனக்குக் கூடுதல் மரியாதை.

வீடு பிரிந்தது, குழு பிரியவில்லை

ஏ.பி. பாட்டைத் தேடிப் போன நாட்களில் வீட்டில் யார் இருந்தார்கள்? சாரா. மூன்று பிள்ளைகள், விறகு, மாடு, தோட்டம், சமையல். கணவர் எப்போது வருவார் என்று தெரியாது. வந்தால் யாரைக் கூட்டி வருவார் என்றும் தெரியாது.

தான் இல்லாதபோது சாராவுக்குக் கார் ஓட்ட ஏ.பி. தன் உறவுக்காரர் கோய் பேஸ் என்பவரை ஏற்பாடு செய்தார். கோயும் சாராவும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பள்ளத்தாக்கு சும்மா இருக்குமா? பேச்சு கிளம்பியது. கோயின் குடும்பம் கலிஃபோர்னியாவுக்கே குடிபெயர்ந்தது. சாரா கணவர் வீட்டை விட்டு, மலையைத் தாண்டித் தான் வளர்ந்த பக்கமே திரும்பிப் போய்விட்டார். 1936-ல் விவாகரத்து.

இத்தனைக்கும் இடையில் குழு பாடிக்கொண்டே இருந்தது. 1935-ல் அவர்கள் பதிவு செய்த மிகப் புகழ்பெற்ற பாட்டு, ‘கேன் த சர்க்கிள் பீ அன்புரோக்கன்’. அம்மாவை அடக்கம் செய்யப் போகும் பிள்ளை, பிரிந்த குடும்பம் மேலுலகத்தில் ஒன்றுசேருமா என்று ஏங்கும் பாட்டு. ஏற்கெனவே இருந்த ஒரு கீர்த்தனையை ஏ.பி. மாற்றி அமைத்தது. அதைப் பாடும்போது அவரும் சாராவும் ஒரே கூரைக்குக் கீழ் வாழவில்லை. ஸ்டூடியோவில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டை நான் வேறு மாதிரிதான் கேட்கிறேன்.

‘பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருந்தோம்’ என்று சொல்லும் தம்பதிகளை நமக்குத் தெரியும். இவர்கள் பிரிந்துவிட்டு, பாட்டுக்காகச் சேர்ந்து நின்றார்கள். பணத் தேவையும் இருந்தது, மறுக்கவில்லை. பெருமந்தக் காலம். இசைத்தட்டு விற்பனை படுத்துவிட்டது. ஏ.பி. ஒரு கட்டத்தில் வேலை தேடி டெட்ராய்ட் வரை போனார். இருந்தாலும் பணம் மட்டுமே காரணமாக இருந்தால் அந்தக் குரல்கள் அவ்வளவு இணக்கமாகச் சேர்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

காற்றில் போன சேதி

1938-ல் அவர்களுக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. அமெரிக்க எல்லையைத் தாண்டி, மெக்ஸிகோ மண்ணில் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற வானொலி நிலையம் இருந்தது. நடத்தியவர் ஜான் பிரிங்க்லி. ஆண்மைக் குறைவுக்கு ஆட்டுச் சுரப்பியைப் பொருத்தி வைத்தியம் செய்கிறேன் என்று கிளம்பி, கன்சாஸ் மாநிலத்தில் உரிமத்தைப் பறிகொடுத்த ஆசாமி! அமெரிக்காவில் வானொலி நிலையங்களுக்கு 50,000 வாட் வரைதான் அனுமதி. இவருடைய நிலையம் 5 லட்சம் வாட் சக்தியில் ஒலித்தது. வீட்டு முள்கம்பி வேலியில்கூட பாட்டு கேட்டது என்று கதை கட்டினார்கள்.

டானிக், தலைச்சாயம் விளம்பரங்களுக்கு நடுவே கார்ட்டர் குடும்பம் பாடியது. கிராமபோன் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் அவர்கள் குரல் போய்ச் சேர்ந்தது. ஆர்கன்சா மாநிலத்தின் பருத்திக் காட்டு வீடு ஒன்றில் ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த சிறுவன் ஜானி கேஷும் கேட்டான். சீக்கிரமே மேபெல்லின் பெண்கள் ஹெலன், ஜூன், அனிதாவும் மைக் முன்னால் வந்தார்கள். ஜூனுக்கு அப்போது பத்து வயது. அந்தச் சிறுவனும் இந்தச் சிறுமியும் பிற்காலத்தில் கணவன் மனைவி.

அந்த வானொலியில்தான் சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம் என்பது போன்ற ஒரு காரியம் நடந்தது. கோய் போய் ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. 1939 பிப்ரவரியில் ஒருநாள் சாரா மைக்கில், ‘இந்தப் பாட்டு கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய் பேஸுக்கு’ என்ற அர்த்தத்தில் அறிவித்துவிட்டு, நீலக் கண்ணனை நினைத்துப் பாடும் பழைய பாட்டு ஒன்றைப் பாடினார். பக்கத்தில் ஏ.பி. அங்கே கலிஃபோர்னியாவில் கோய் அதைக் கேட்டார். காரை எடுத்துக்கொண்டு டெக்சாஸுக்கு வந்தார். அதே மாதம் திருமணம் நடந்தது.

ஏ.பி.யை நினைத்தால் எனக்குக் கோபமும் வரும், பரிதாபமும் வரும். மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் பாட்டுக்குப் பின்னால் போன மனிதர்தான். ஆனால், அந்த நிமிடம் அந்த அறையில் நின்றதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதன் பிறகும் அவர் சாராவோடு சேர்ந்து பாடினார். மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

அதன் பிறகு

1941-ல் அந்த வானொலி நிலையம் மூடப்பட்டது. அதே வருடக் கடைசியில் ‘லைஃப்’ பத்திரிகை கார்ட்டர் குடும்பத்தைப் பற்றிப் பெரிய கட்டுரை போடுவதற்காகப் புகைப்படக்காரரை அனுப்பியது. டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. கட்டுரை நின்றுபோனது. 1943-ல் குழுவும் கலைந்தது. சாரா கலிஃபோர்னியாவுக்குப் போனார். ஏ.பி. ஊருக்குத் திரும்பி ஒரு மளிகைக் கடை வைத்தார். 1960-ல் இறந்தார். சுமார் 300 பாட்டுகள் பதிவு செய்த குழுவின் தலைவர், தன் கடைசிக் காலத்தில் வெளியுலகம் மறந்த ஒரு கடைக்காரர்.

மேபெல் மட்டும் விடவில்லை. மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு ரிச்மண்ட், நாக்ஸ்வில் என்று வானொலி வானொலியாகப் போய், 1950-ல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையைப் பிடித்தார். கச்சேரிகள் குறைந்த நாட்களில், இரவு நேரத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலைக்குப் போனார். இதை ரொம்பப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டைவிரல் ஒரு நாட்டு இசையின் போக்கையே மாற்றியது, தேவைப்பட்டபோது நோயாளிக்குத் தலையணையும் சரிசெய்தது.

1960-களில் கல்லூரி மாணவர்கள் பழைய நாட்டுப் பாட்டுகளைத் தேடத் தொடங்கினார்கள். மேபெல்லை நியூபோர்ட் இசை விழாவுக்கு அழைத்தார்கள். 1967-ல் சாராவும் அந்த மேடைக்கு வந்தார். 1970-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் குழு என்ற கௌரவம் கார்ட்டர் குடும்பத்துக்குக் கிடைத்தது. மேபெல் 1978 அக்டோபரில் காலமானார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, சாராவும் போய்விட்டார்.

சாராவைக் கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து புவர் வேலி சர்ச் கல்லறையில், ஏ.பி. இருக்கும் அதே இடத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஏ.பி. சாகும்முன் மகள் ஜேனட்டிடம், இந்தப் பாட்டை விட்டுவிடாதே என்று கேட்டிருந்தார். ஜேனட் 1974-ல் அப்பாவின் பழைய கடையில் சனிக்கிழமைக் கச்சேரியை ஆரம்பித்தார். கூட்டம் பெருகியதும் பக்கத்தில் ஓர் அரங்கு எழுந்தது. ‘கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட்’ என்று பெயர். அதைக் கட்டியவர் தம்பி ஜோ. பிரிஸ்டலில் அக்காவின் கையில் அழுத அதே கைக்குழந்தை! அங்கே மின்சார வாத்தியங்களுக்கு அனுமதியில்லை. ஜானி கேஷுக்கு மட்டும் விதிவிலக்கு. ஜூன் இறந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத 2003 ஜூலையில், தன் கடைசிக் கச்சேரியை அவர் பாடியது அந்த மேடையில்தான்.

ஒரு பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று ஆரம்பத்தில் கேட்டேன். சட்டப்படி பதில் சுலபம், தட்டில் அச்சடித்திருக்கிறது. காதுக்கு அந்தப் பதில் போதாது. போனில் ‘வைல்ட்வுட் ஃப்ளவர்’ என்று தேடி, 1928-ல் செய்த பதிவைப் போட்டுப் பாருங்கள். சில நிமிடம்தான். முதல் தடவை சாராவின் குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை பாட்டுக்கு அடியில் ஓடும் மேபெல்லின் கட்டைவிரலைத் தொடர்ந்து போங்கள். பிறகு ‘தி கேனன் பால்’ போடுங்கள். அதில் லெஸ்லி ரிடிலின் குரல் கேட்காது. அவர் சுமந்து வந்த மெட்டு கேட்கும்.